கொதிக்கும் உழவு இயந்திரமும் அதன் சுழற்சி வேகமும்

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்கு நிகழ்த்திய பேச்சு)



ஆவணி கழிந்து புரட்டாதி பிறக்கும் நாட்களிலே தென்மராட்சி வயல்வெளியில் நிற்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணாதிரார். மாரி மழை விழுமுன் புழுதி உழவை முடித்து நெல்லை விதைத்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், நெருப்பாய் எறிக்கும் வெயிலில் உழவு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்று திடீரென வரம்போரம் நின்றுவிடும். முன்பக்கத்திலிருந்து வெள்ளாவி எழும். சாரதி குதித்திறங்குவார். வயற்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடுவார். அன்றைய உழவு அவ்வளவோடு போயிற்று. அடுத்த வயற்காரருக்குக் கொடுத்த நாளும் தவறிற்று. மழை முந்திக்கொண்டாலோ அவ்வருட விதைப்பே பிந்திவிடும்.

எஞ்சின் சூடேறும்போது சாரதிமார் செய்வது பெரும்பாலும் மூன்றிலொன்றாகவே இருக்கும். ஒருவர் பயந்து உடனே எஞ்சினை நிறுத்துவார். இன்னொருவர் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றுவார். மூன்றாமவர், “விசிறி வேகமாகச் சுழன்றால் ஆறிவிடும்” என்று கேள்விப்பட்டவராய், நின்ற நிலையிலேயே முழு ‘றேஸ்’ கொடுப்பார். மூன்றாமவர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவரும் அதைச் செய்யவேண்டிய நேரத்தில் செய்யாது, செய்யத் தகாத அளவிற் செய்கிறார். இது எவ்வாறென்பதையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எஞ்சினுள் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கலப்பையை இழுக்கும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு மூன்றிலொரு பங்களவு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து சென்று றேடியேற்றரிற் கொடுக்க, அங்கே காற்று அதனை வாங்கிக்கொண்டு போதல் வேண்டும். நீரை ஓட்டுவது ஒரு சிறு நீர்ப்பம்பி. காற்றை இழுப்பது விசிறி. எங்கள் பகுதியில் நெடுங்காலமாக ஓடும் மாசி பேர்குசன் 35, 135 ஆகியவற்றிலும், இந்நாளில் இந்தியாவிலிருந்து வரும் பல உழவு இயந்திரங்களிலும், விசிறியும் பம்பியும் ஒரே தண்டிற் பொருந்தியவை. எஞ்சினின் கிராங்குத் தண்டிலிருந்து வரும் வாரே அத்தண்டைச் சுழற்றுகின்றது. ஆகவே எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலிருந்து 800 சுற்றுக்கு இறங்கினால் விசிறியின் வேகமும் பம்பியின் வேகமும் அரைவாசியாகும்; நீரோட்டமும் காற்றோட்டமும் அவற்றோடு கூடவே குறையும்.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டிய விடயம் இருக்கின்றது. எஞ்சினுக்குள் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதைத் தீர்மானிப்பது எரியும் எண்ணெய், அதாவது நீங்கள் அதன்மேல் ஏற்றும் பாரம். அவ்வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றலாம் என்பதைத் தீர்மானிப்பதோ சுழற்சி வேகம். இவ்விரண்டும் ஒன்றல்ல. பாரம் மிகுந்தும் சுழற்சி குறைந்தும் இருக்கும் வேளையிலேயே வெப்பம் நிறையப் பிறக்கின்றது; போக வழியின்றித் தேங்குகின்றது. புழுதி உழவில் நிகழ்வது இதுவே. காய்ந்து பாறைபோல் இறுகிய நிலத்தில் கலப்பை ஆழ இறங்கியிருக்கின்றது. சாரதி உயர்ந்த கியரிற் போட்டு, திறொற்றிலைக் குறைத்து வைத்திருக்கின்றார். எஞ்சின் முக்கி முனகிக் கரும்புகை கக்குகின்றது. திறொற்றிலைக் கூட்டினாலும் சத்தம் உயரவில்லை. விசிறியோ மெல்லச் சுழல்கின்றது.

இவ்வழக்கம் அண்மைக் காலத்தில் கூடியதற்குக் காரணமும் உண்டு. 2022-ம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். விலையும் அதன்பின் முன்னிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. கியரை உயர்த்திச் சுழற்சியைக் குறைத்தால் எண்ணெய் மிஞ்சும் என்று சொல்லப்படுவது பொய்யன்று. வெறும் பெட்டி இழுக்கும்போதும், உழுத நிலத்தில் இலேசாகப் பலகை அடிக்கும்போதும் அவ்வாறு செய்தல் நன்றே. ஆனால் அதே முறையை இறுகிய நிலத்தில் ஆழ உழும்போது கையாண்டால், மிச்சம் பிடித்த சில லீற்றர் டீசலின் விலையைப்போற் பல மடங்கைத் தலைமூடியின் காஸ்கெற்றுக்குக் கொடுக்க நேரிடும். காஸ்கெற் எரிந்தால் நீர் சிலிண்டருக்குள் இறங்கும். சிலவேளை எண்ணெயோடு நீர் கலந்து, அளவுகோலை இழுத்துப் பார்த்தால் பால் கலந்த தேநீர்போல் இருக்கும். அதன்பின் எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். விதைப்புக் காலத்தில் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பதன் அருமை உங்களுக்குத் தெரியாததன்று.

ஆகவே நிலம் இறுகியிருந்தால் ஒரு கியர் இறக்கி, சுழற்சியைக் கூட்டி, அதே நடை வேகத்தில் உழுங்கள். வேலை அதேயளவு, எரியும் எண்ணெய் சிறிதளவே கூடும். ஆனால் 1,000 சுற்றில் ஓடிய எஞ்சின் 1,600 சுற்றில் ஓடும்போது விசிறி தள்ளும் காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேலாகின்றது. அப்படியானால் இன்னும் கூட்டிக் கடைசி மட்டுக்கும் ஓட்டினாலென்ன என்று கேட்பீர்கள். அங்கே கணக்கு மாறிவிடுகின்றது. விசிறி இருமடங்கு வேகத்திற் சுழல இருமடங்கன்று, எண்மடங்கு வலு வேண்டும். எஞ்சினின் உள்ளுராய்வும் சுழற்சியோடு ஏறுகின்றது. ஓர் எல்லைக்கு மேல் கூட்டும் ஒவ்வொரு சுற்றும் குளிர்ச்சியைவிடச் சூட்டையே தருகின்றது. உங்கள் இயந்திரத்தின் கைநூலில் உழவுக்கென்று குறித்துள்ள சுழற்சியே தகுந்தது. கைநூல் இல்லாதவர், சுழற்சி காட்டும் முகப்பில் பின்தண்டின் 540 சுற்றுக்கென்று அடையாளமிட்ட இடத்தை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீதியிலே மணிக்கு 50 கிலோமீற்றர் ஓடும் காருக்கு, ஓட்டமே காற்றை அள்ளிக்கொண்டு வந்து கொடுக்கும். வயலில் நான்கைந்து கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் உழவு இயந்திரத்துக்கு விசிறியை விட்டால் வேறு துணையில்லை. அதிலும், தென்மேற்கிலிருந்து பலமாக வீசும் சோளகத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வடகிழக்கு நோக்கி உழும்போது, விசிறி முன்னிருந்து இழுக்கும் காற்றைச் சோளகம் பின்னிருந்து தடுக்கின்றது. ஒரு போக்கில் ஊசி ஏறி, திரும்பி வரும் போக்கில் இறங்குவதைக் கண்டு சிலர் கருவி பழுதென்று எண்ணுவர். பழுது கருவியிலன்று. வயலின் அமைப்பு இடங்கொடுக்குமாயின், காற்றுக்குக் குறுக்கே சால் பிடிப்பது நல்லது.

இனி, ஊசி சிவப்பை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலிற் கலப்பையைத் தூக்குங்கள். கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு வாருங்கள். பாரம் போய்விட்டது, ஆகவே புதிதாகப் பிறக்கும் வெப்பம் மிகக் குறைந்துவிட்டது. இப்பொழுது எஞ்சினை நிறுத்தாதீர்கள். முழு றேஸும் கொடுக்காதீர்கள். வெறுமனே ஓடும் மட்டத்துக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 1,000 சுற்றில் விட்டு ஊசியைப் பாருங்கள். கூடுமானால் முன்பக்கம் காற்றை நோக்கி நிற்கட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஊசி இறங்கத் தொடங்குமாயின், நன்கு இறங்கும்வரை ஓடவிட்டு, அதன்பின் சுழற்சியைக் குறைத்து நிறுத்திக் காரணத்தைத் தேடலாம்.

உடனே நிறுத்துவதால் வரும் கேடு யாதெனில், நூற்றுக்கணக்கான இறாத்தல் இரும்பிலே தேங்கிய வெப்பம் எஞ்சின் நின்றதும் மறைந்துவிடுவதில்லை. பம்பி நின்றதும் நீரும் நின்றுவிடும். தலைமூடியைச் சுற்றி நிற்கும் நீர் அங்கேயே கொதித்து ஆவியாகும். ஆவி மூடிய இடத்தில் இரும்பு இன்னும் சூடேறும். நிறுத்திய பின் ஊசி மேலே போவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் இதுவே.

ஆனால் உடனே நிறுத்தவேண்டிய வேளைகளும் உள. வார் அறுந்து விசிறி நின்றுவிட்டால் எஞ்சினை ஓடவிடுவதாற் பயனேதுமில்லை. குழாய் வெடித்து நீர் நிலத்தில் ஓடினாலும் அப்படியே. எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும், இரண்டு மூன்று நிமிடம் பார்த்தும் ஊசி ஏறிக்கொண்டே போனாலும் நிறுத்திவிடுங்கள். நீர் முழுவதும் வெளியேறிய எஞ்சினில் ஊசி பொய்யாகக் கீழே இறங்கிக் காட்டுவதும் உண்டு. ஊசி உணர்வது நீரின் சூட்டையே. நீர் இல்லாவிடத்து அது எதனை உணரும்? ஆகையால் ஊசியோடு நின்றுவிடாது, விசிறி சுழல்கின்றதா, கீழே நீர் ஒழுகுகின்றதா என்று கண்ணாலும் பார்த்தல் வேண்டும்.

மூடியை மாத்திரம் அப்பொழுது தொடவே வேண்டாம். மூடியிலுள்ள வில் உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தில் நீர் 100 பாகையிற் கொதியாது, 110 பாகை கடந்தே கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அவ்வழுத்தம் போய்விடுவதால், அதுவரை அடங்கியிருந்த நீர் ஒருமிக்கக் கொதித்து முகத்திலும் நெஞ்சிலும் பாயும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, நனைத்த சாக்கைப் போர்த்தி, முதற் படிமட்டும் திருகி, சீறல் அடங்கிய பின் திறவுங்கள். நீர் ஊற்றும்போது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் இரும்பில் வாளி நீரை ஒரேயடியாகக் கொட்டித் தலைமூடியை வெடிக்கச் செய்தவர்கள் பலர்.

எந்தச் சுழற்சியிற் சூடேறுகின்றது என்பதைக் கவனித்தால் நோயையும் ஏறத்தாழ அறிந்துகொள்ளலாம். மெக்கானிக்கிடம் போகுமுன் இதைப் பார்த்துக்கொண்டு போனால் அவருக்கும் வேலை எளிது, உங்களுக்கும் செலவு குறைவு. வெறுமனே மெல்ல ஓடும்போது சூடேறி, சற்றுச் சுழற்சியைக் கூட்டியதும் ஆறுமாயின் காற்றோட்டத்திலேயே குறையுண்டு: விசிறி இதழ் வளைந்திருக்கலாம், விசிறியைச் சுற்றியுள்ள தகட்டு உறை கழன்றிருக்கலாம். மெல்ல ஓடும்போது ஒன்றுமில்லாமல் இருந்து, பாரத்தோடு வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறுமாயின், றேடியேற்றர் உள்ளேயோ வெளியேயோ அடைபட்டிருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். சுழற்சியைக் கூட்டக் கூட்டச் சூடு விரைந்து ஏறுமாயின் வாரைப் பாருங்கள். தளர்ந்த வார் மெல்லச் சுழலும்போது பற்றிக்கொள்ளும், வேகத்தில் வழுக்கும். இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலமளவே பதியவேண்டும். வார் சரியாயின், ஒருவர் றேஸ் கொடுக்க மற்றவர் றேடியேற்றரின் கீழ்க்குழாயை எட்ட நின்று நோக்குங்கள். பழசாகி இளகிய குழாய் பம்பியின் உறிஞ்சலால் சப்பையாகி வழியை அடைத்துவிடும். நின்றபின் பழையபடி உருண்டு நிற்குமாதலால் இக்குறை எளிதில் அகப்படுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியுள்ளது. “யாழ்ப்பாணத்தில் குளிரேது, தேமோஸ்ரற் எதற்கு?” என்று அதனைக் கழற்றி வீசுகின்றார்கள். நீர் மிக வேகமாக ஓடினால் றேடியேற்றரில் ஆற நேரமிராது என்று அதற்கு எதிராக வாதிடுவோரும் உளர். இரண்டும் பிழை. ஓட்டம் கூடக் கூட நீர் கொண்டுபோகும் வெப்பமும் கூடவே செய்கின்றது. தேமோஸ்ரற்றை எடுத்தால் வரும் தீங்கு வேறு. சில எஞ்சின்களில், சூடேறிய பின் குறுக்குவழியை மூடி நீரை றேடியேற்றருக்குத் திருப்புவதும் அதுவே. அது இல்லாதவிடத்து நீரின் ஒரு பங்கு றேடியேற்றரை எட்டிப் பாராமலே திரும்பிவிடும். அன்றியும், ஏறத்தாழ 80 பாகையில் ஓடவேண்டிய எஞ்சின் இலேசான வேலைகளில் குளிர்ந்தே ஓடிச் சிலிண்டர் விரைந்து தேயும்.

றேடியேற்றர் அடைபடுதற்கு இக்குடாநாட்டில் வேறெங்கும் இல்லாத அளவு காரணம் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் அகழப்பட்டவை. அவற்றின் நீரிற் சுண்ணம் கரைந்திருக்கின்றது. வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாய் இறுகும் படலத்தை உங்கள் மனைவிமாரைக் கேட்டால் காட்டுவார்கள். அதே படலம் ஒவ்வொரு முறையும் நீங்கள் கிணற்று நீர் ஊற்றும்போது எஞ்சினுள்ளும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகின்றது. அது இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். அடைபட்ட குழாய்க்கு எந்தச் சுழற்சியில் ஓட்டினாலும் விமோசனமில்லை. கரையோரக் கிணறுகளின் உவர்நீர் இன்னுங் கொடியது. அது உலோகத்தையே அரித்துவிடும். மாரியிற் கூரைநீரைச் சுத்தமான கொள்கலங்களிற் பிடித்து வையுங்கள். அதனோடு கடையில் விற்கும் குளிரூட்டித் திரவத்தைச் சொல்லப்பட்ட விகிதத்திற் கலந்து ஊற்றினால் படலமும் துருவும் வெகுவாகக் குறையும். வயலில் அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால் தோஷமில்லை. வேலை முடிந்ததும் அதனை வடித்துவிட்டு மழைநீரை நிரப்பிவிடுங்கள்.

வெளிப்புற அடைப்பு கண்ணுக்குத் தெரிவதேயாயினும் கவனிப்பாரில்லை. வலிகாமத்துச் செம்மண் புழுதி, ஒழுகும் எண்ணெயோடு சேர்ந்து தகடுகளுக்கிடையே சாந்துபோல் இறுகும். முன்னாளில் களத்தில் உழவு இயந்திரத்தை வட்டமாக ஓட்டிச் சூடடித்தபோது வைக்கோற்றூசி றேடியேற்றரை மூடிவிடும். இன்று வெட்டும் இயந்திரங்கள் அவ்வேலையை எடுத்துக்கொண்டாலும், பெட்டி பூட்டி நெல்லேற்றப் போகும் உழவு இயந்திரங்களை அத்தூசி விட்டபாடில்லை. எஞ்சின் ஆறிய பின், விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக நீரையோ காற்றையோ செலுத்திக் கழுவுங்கள். முன்னிருந்து பீச்சினால் தூசி இன்னும் உள்ளே இறுகும். கம்பியாற் குத்த வேண்டாம்; தென்னை ஈர்க்கு போதும்.

இதுவரை சொன்னவற்றை ‘லான்ட்மாஸ்டர்’ என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரம் வைத்திருப்போர் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. அவற்றுட் சிலவற்றில் விசிறியோடு கூடிய சிறு றேடியேற்றர் உண்டு. அவற்றுக்கு இவ்விதிகள் பொருந்தும். வேறு சிலவற்றிலோ சிலிண்டருக்கு மேல் ஒரு நீர்த்தொட்டி மாத்திரம் இருக்கும், விசிறியுமில்லை, பம்பியுமில்லை. அத்தொட்டியில் நீர் கொதிப்பது நோயன்று. நீர் ஆவியாகிப் போவதாலேயே அது குளிர்கின்றது. அங்கே சுழற்சியைக் கூட்டுவதாற் குளிர்ச்சி ஒரு துளியும் கூடாது, சூடே கூடும். ஆதலால் பாரத்தையும் திறொற்றிலையும் குறையுங்கள். மிதப்புக் காட்டி தாழுமுன் சிறிது சிறிதாக நீர் சேர்த்துவாருங்கள். ஆவியாவது நீர் மட்டுமே, சுண்ணம் தொட்டியிலேயே நின்றுவிடும். ஆகவே மழைநீர் மற்றெதனினும் இதற்கே அதிகம் வேண்டும்.

கடைசியாக, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் சிறு எஞ்சின்கள். இவற்றுட் பெரும்பாலானவை நீரின்றிக் காற்றாலேயே குளிர்வன. பறக்கும் சில்லிலுள்ள இதழ்கள் காற்றைத் தள்ள, உறை அக்காற்றைச் சிலிண்டரின் செதில்கள் மீது திருப்புகின்றது. சுழற்சி குறைந்தால் காற்றும் குறையும் என்ற விதி இங்கும் செல்லும். உறை உடைந்ததென்று கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது, றேடியேற்றரில்லாமல் உழவு இயந்திரம் ஓட்டுவதற்கு ஒப்பாகும். 1990-ம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த வருடங்களில், சில துளி பெற்றோலால் இயக்கி மண்ணெண்ணெயில் எஞ்சின்களை ஓட்டிப் பயிரைக் காத்தவர்கள் உங்களுட் பலர். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எரியும்போது பாரம் மிகுந்தால் ‘தட்டும்’ ஓசை எழும். அவ்வோசை எழும்போது தலைமூடி வழமையிலும் அதிகமாகச் சூடேறுகின்றது. இன்றும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் அவ்வோசை கேட்டவுடன் நீர் வெளியேறும் வாயைச் சற்று ஒடுக்கிப் பாரத்தைக் குறைத்தல் வேண்டும்.

கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தபோது எஞ்சினைக் கிணற்றுக்குள்ளே படியில் இறக்கி வைத்து இறைப்பது நம்மவர் வழக்கம். அங்கே அது தான் விட்ட வெங்காற்றையே திரும்ப இழுத்துச் சூடேறுகின்றது. அதனினும் பெரிய ஆபத்து, அதன் புகையிலுள்ள நஞ்சுவாயு கிணற்றுக்குள் தேங்கி நிற்பது. மணமும் நிறமும் அற்ற அவ்வாயுவினால், எஞ்சின் ஏன் நின்றதென்று பார்க்க இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். வசதியுள்ளோர் மின்சாரப் பம்பிக்கு மாறிவிடுங்கள். எஞ்சினை உள்ளே இறக்கியே ஆகவேண்டுமாயின் புகைக்குழாயை நீளமாக்கிக் கிணற்றுக்கட்டுக்கு மேலே, காற்று வீசிச் செல்லும் பக்கமாக எடுத்து விடுங்கள். எஞ்சின் ஓடும்போது எவரும் உள்ளே இறங்கலாகாது. அது தானாக நின்றுவிட்டாலும் உடனே இறங்காது, நெடுநேரம் கழித்து, மேலே இருவர் நிற்க, இடையிற் கயிறு கட்டியே இறங்க வேண்டும்.